சாம்பல் நிறப் படகின் வரைபு

சென்ற மாதம் கணித ஆசிரியர்களுக்கான செயலமர்வு ஒன்றில் என்னையும் மேடையில் ஏற்றிவிட்டார்கள். ஓய்வு பெற்றவனைக் கூப்பிட்டால் சால்வை போர்த்தி, பழங்கதை கேட்டு, தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுவது வழக்கம்தானே. கேள்வி நேரத்தில் ஓர் இளம் ஆசிரியை எழுந்து நின்றார்.

"சேர், புள்ளிவிபரம் படிப்பிக்கேக்க பிள்ளையள் தாங்களே தரவு சேர்த்தாத்தான் நல்லது எண்டு ஆசிரியர் வழிகாட்டியில கிடக்கு. அந்த நாளையில நீங்கள் என்னத்தை எண்ணச் சொன்னனீங்கள்?"

"காகம்," என்றேன்.

மண்டபம் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்தவன் வாய்க்குக் கொண்டுபோக மறந்து, பாதியைச் சால்வையில் ஊற்றிவிட்டேன். வயது போய்விட்டது என்று பக்கத்தில் இருந்தவர் இரக்கப்பட்டார். வயது காரணமில்லை. காகம் எண்ணத் தொடங்குவதற்கு முன்னால் நாங்கள் வேறொன்றை எண்ணினோம். அதைப் பற்றி இத்தனை வருடமும் நான் வாய் திறந்ததில்லை. பயம், வேறொன்றுமில்லை. இன்றைக்கு நாங்கள் எண்ணிய அந்தப் படகும் இல்லை, எங்களை விசாரித்த அதிகாரி உயிரோடு இருக்கிறாரோ தெரியாது. ஆகவே எழுதலாம் என்று நினைக்கிறேன்.

நான் ஆசிரியனானபோது கணக்கு என்றால் வட்டி, லாப நட்டம், தொட்டிக்குத் தண்ணீர் நிரப்பும் குழாய்கள். அதைப் படித்தேன், அதையே படிப்பித்தேன், பத்து வருடத்துக்கு மேல் ஒரு தொல்லையும் இருக்கவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் பாடத்திட்டத்தைத் தலைகீழாக மாற்றினார்கள். 'செற்' எனப்படும் தொடை, சார்பு, புள்ளிவிபரம் என்று நான் கேள்விப்படாத பெயர்களெல்லாம் எட்டாம் வகுப்புக்கு வந்து இறங்கின. விடுமுறையில் எங்களை ஒரு மண்டபத்தில் கூட்டிவைத்து அவசரமாகப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி தந்தவருக்கும் அது புதிதுதான் என்பது அவர் வியர்த்த வியர்வையில் தெரிந்தது. றோனியோ இயந்திரத்தில் அடித்த தாள்களை அள்ளிக்கொண்டு அன்புவழிபுரத்தில் இருந்த என் வீட்டுக்குத் திரும்பினேன்.

அந்த வருடம் முழுவதும் வகுப்புக்கு ஒரு பாடம் முன்னால் நான் ஓடிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் புத்தகத்தில் இரண்டு பக்கம் முன்னுக்குப் புரட்டி ஏதாவது கேட்டுவிட்டால் என் பாடு அதோகதி.

எங்கள் பாடசாலை உள்துறைமுகத்துக்குக் கிட்ட இருந்தது. தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் கலந்து படித்தார்கள். சல்லி மீன்பிடிக் கிராமத்திலிருந்து சைக்கிளிலும், குடாவுக்கு அப்பால் மூதூரிலிருந்து வந்து உறவினர் வீட்டில் தங்கியும் படித்தவர்கள் இருந்தார்கள். நாட்டில் அவசரகாலச் சட்டம் இருந்த நேரம். யார் யாரையோ விசாரணைக்குக் கூட்டிப்போனார்கள் என்ற கதை சந்தையில் தாழ்ந்த குரலில் நடக்கும். துறைமுகப் பக்கம் திரும்பிப் படம் பிடிக்கக் கூடாது என்று பலகை அடித்திருந்தார்கள். எங்கள் வகுப்பில் கமரா வைத்திருந்தவர் ஒருவரும் இல்லை, ஆகவே அந்தப் பலகையைப் பற்றி நாங்கள் கவலைப்படவில்லை.

எங்கள் பாடசாலை அதிபரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவர் கோபித்து நான் கண்டதில்லை. எந்த விடயத்தைக் கொண்டுபோனாலும் கண்ணாடியைக் கழற்றி, வேட்டித் தலைப்பால் துடைத்து, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, திரும்பவும் துடைத்துவிட்டு, "யோசிப்பம் மாஸ்டர்," என்பார். பிறகு அலுமாரியைத் திறந்து சம்பவத் திரட்டு என்ற பதிவுக் கொப்பியை எடுத்து, "இன்ன ஆசிரியர் இன்ன விடயம் கதைத்தார்" என்று எழுதி வைப்பார். நாளைக்கு ஏதும் வந்தால் தன் தலை தப்ப வேண்டும் என்பதுதான் அவர் கணக்கு. ஆனால் ஆங்கிலம் பேசக் கிடைத்தால் மட்டும் மனிதர் வேறு ஆளாகிவிடுவார். மார்பு நிமிரும், சொற்கள் உருளும், பயமெல்லாம் எங்கேயோ பறந்துவிடும். பின்னர் நடந்ததற்கு அந்த ஆங்கிலமும் ஒரு காரணம்.

சார்பு என்றால் என்ன என்று விளக்க வழிகாட்டி நூலில் ஓர் இயந்திரத்தின் படம் போட்டிருந்தது. ஒரு பக்கத்தால் ஓர் எண் போகும், மறுபக்கத்தால் இன்னோர் எண் வரும். அந்தப் படத்தைப் பார்த்து எனக்கே விளங்கவில்லை. ஆகவே சந்தையடி மா மில்லைச் சொன்னேன்.

"அரிசியைப் போட்டா அரிசி மா. உழுந்தைப் போட்டா உழுத்தம் மா. ஒண்டைப் போட்டா அதுக்கெண்டு ஒண்டுதான் வரும். அதுதான் சார்பு."

கடைசி வாங்கிலிருந்து ஒருவன் எழுந்தான். "சேர், எனக்கு முதல் வந்தவர் மிளகாய் அரைச்சிருந்தா?"

"அப்ப அது சார்பு இல்லை. வீட்டை போனா உனக்கு உதை."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. முன் வாங்கில் இருந்த ஜெமீலா மட்டும் சிரிக்காமல் யோசித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு அடங்கியபின், "சேர், அப்ப மில்லுக்க முந்தி என்ன போனது எண்டும் தெரிஞ்சிருந்தா, என்ன வரும் எண்டு சொல்லலாம்தானே?" என்று கேட்டாள். எனக்கு மயிர் கூச்செறிந்தது. பயிற்சி தந்தவரிடம்கூட நான் அப்படி ஒரு கதை கேட்டதில்லை.

ஜெமீலாவின் வாப்பா மஜீத், துறைமுகத்தில் வேலையாட்களைக் கரைக்கும் கப்பலுக்குமாக ஏற்றி இறக்கும் லாஞ்சி என்ற சிறு படகில் எஞ்சின் பார்ப்பவர். உள்ளே போக வர அவருக்கு ஒரு பாஸ் இருந்தது. சட்டைப் பையில் அதை வைத்து, விழாமல் ஊசி குத்தியிருப்பார். அந்தப் பாஸ்தான் அந்த வீட்டின் சோறு.

புள்ளிவிபரத்தை நான் ஒழுங்கு முறையாகத்தான் படிப்பித்தேன். முதலில் ஒரு கேள்வி வேண்டும். பிறகு எண்ணல். நாலு வரவுக் குறியை நிமிர்த்திப் போட்டு, ஐந்தாவதைக் குறுக்கே இழுத்துக் கட்ட வேண்டும், விறகுக் கட்டுக்குக் கயிறு போடுகிற மாதிரி. அதன் பிறகு அட்டவணை, அச்சு, அளவிடை. கடைசியில் தலைப்பு. தலைப்பில்லாத வரைபை நான் கையாலும் தொடமாட்டேன். வழிகாட்டியில் இவ்வளவுதான் இருந்தது. புது உற்சாகத்தில் நானாக ஒன்றைச் சேர்த்தேன். வரைபு கீறி முடிந்ததும், இன்னும் நடக்காத ஒன்றை அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும். "சொல்ல ஏலாட்டி அது வெறும் படம்," என்று கரும்பலகையில் எழுதியும் போட்டேன்.

"ஒவ்வொரு நாளும் நீங்கள் காணுற ஏதாவது ஒண்டை எண்ணிக்கொண்டு வாங்கோ," என்று வகுப்பை அனுப்பினேன்.

ஒருத்தி கோட்டை வாசலில் மேயும் மான்களை எண்ணினாள். ஒருவன் வெளிச்சமில்லாமல் ஓடும் சைக்கிள்களை எண்ணி, அதில் என்னுடையதையும் சேர்த்திருந்தான். சல்லிப் பையன் பாயில் காயப்போட்ட கருவாட்டை எண்ணிக்கொண்டு வந்து, ஒரு நாள் மட்டும் ஏன் குறைந்தது என்று கேட்டதற்கு, "பூனை சேர்," என்றான். எனக்கு வாத்தியாராக இருப்பது முதல் தடவையாகச் சந்தோசமாக இருந்தது.

ஜெமீலா கொண்டுவந்த வரைபுத் தாளில் குறுக்கே நாட்கள், நெடுக்கே நேரம். ஒவ்வொரு புள்ளியும் ஊசியால் குத்தியதுபோல் இருந்தது. புள்ளிகளை இணைத்த கோடு சனிக்கிழமையில் தொடங்கி மெல்ல மெல்ல ஏறி, வெள்ளிக்கிழமை உச்சிக்குப் போய், மறு சனிக்கிழமை சட்டென்று இறங்கியது. அதற்கு அப்பால் புள்ளிக் கோடு. மேலே முத்து முத்தான எழுத்தில் தலைப்பு: "சாம்பல் நிறப் படகு வெளியே போகும் நேரம்". நான் தலைப்பைப் பார்த்தேன், அளவிடையைப் பார்த்தேன், சிவப்பு மையால் "மிக நன்று" என்று போட்டேன்.

ஏன் அந்தப் படகு என்று அவளே சொன்னாள். மஜீத்துக்கு வயிற்றுப் புண். வேலையால் வந்ததும் சூட்டோடு சோறு தின்னாவிட்டால் இரவு முழுக்கச் சுருண்டு கிடப்பார். ஆனால் அவர் வரும் நேரம் நாளுக்கு நாள் மாறும். துறைமுகக் காவலுக்குப் போகும் சாம்பல் நிறப் படகு கடலுக்குப் போகும் வாய்க்காலால் வெளியே போகும்வரை மற்ற லாஞ்சிகளெல்லாம் ஒதுங்கி நிற்க வேண்டும். அது போனால்தான் இவர் கரைக்கு வரலாம். அவர்கள் வீட்டு அடுப்படியில் நின்று குசினிக் கதவால் பார்த்தால் அந்த வாய்க்கால் தெரியும். "படகு போற நேரம் தெரிஞ்சா, உம்மா எப்ப உலை வைக்கிறது எண்டு தெரியும் சேர். இது சார்புதானே?" என்றாள். சார்புதான். நான் ஆறு மாதம் முட்டி மோதியும் விளக்க முடியாததை அந்தப் பிள்ளை ஓர் உலைப்பானையை வைத்து விளங்கிக்கொண்டிருந்தாள்.

வருட நடுவில் கணிதக் கண்காட்சி வைத்தோம். எங்கள் பாடசாலையில் கதிரைகள் போதாது. விழா என்றால் துறைமுக அலுவலகம் ஒன்றிலிருந்து இரவலாக வரும். கதிரை தந்தவரையே பிரதம விருந்தினராகக் கூப்பிடுவது அதிபரின் வழக்கம். அந்த முறை கதிரைகளோடு வந்தவர் துறைமுகப் பாதுகாப்புக்குப் பொறுப்பான அதிகாரி. வெள்ளை உடுப்பு, மெலிந்த உருவம், பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கும் குரல். தமிழ் தெரியாதவர். நான் பிள்ளைகள் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

அவர் மான்களைப் பார்த்தார், சிரித்தார். கருவாட்டுப் பூனையைச் சொன்னேன், இன்னும் சிரித்தார். பிறகு ஜெமீலாவின் வரைபுக்கு முன்னால் வந்து நின்றார். நின்றவர் நகரவில்லை.

தலைப்பு என்ன என்று கேட்டார். "ஒரு படகு," என்றேன். அப்போதுதான் அந்தத் தலைப்பு எனக்கே முதல் தடவையாகக் கேட்டது. காவல் படகின் நேரத்தை ஊரறியத் தொங்கவிட்டிருந்தோம்.

"எந்தப் படகு?"

ஜெமீலா அவர் கையைப் பார்த்தே கேள்வியை ஊகித்துவிட்டாள். "சாம்பல் நிறப் படகு சேர். இதால நாள், இதால நேரம். சனிக்கிழமை வெள்ளனப் போகும். பிறகு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாப் பிந்தும். வெள்ளிக்கிழமை ஆகப் பிந்திப் போகும்."

"பிள்ளைகள் சும்மா பார்த்து எழுதியது," என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அதிகாரி புள்ளிக் கோட்டில் விரலை வைத்தார். "இது என்ன?"

"அது இன்னும் வராத நாளுகள் சேர். வாற கிழமை," என்றாள் ஜெமீலா. கரும்பலகையில் நான் எழுதிய விதியை அவள் நிறைவேற்றியிருக்கிறாள். கண் மின்ன என்னைப் பார்த்தாள், மெச்சுவேன் என்று.

"அது அழகுக்காகப் போட்டது," என்று நான் மொழிபெயர்த்தேன்.

பக்கத்தில் நின்ற அதிபர் என் தோளைத் தட்டினார். "இல்லை மாஸ்டர், பிள்ளை சொன்னதை நீங்கள் முழுசாச் சொல்லேல்ல." பிறகு மார்பை நிமிர்த்தி, அதிகாரி பக்கம் திரும்பி, உருண்டு திரளும் ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கினார். புதிய பாடத்திட்டத்தின் பெருமையைப் பாருங்கள், இந்தச் சிறு பெண் அடுத்த வாரம் எந்த நாளைக் கேட்டாலும் உங்கள் படகு எத்தனை மணிக்குப் போகும் என்று இங்கிருந்தே சொல்லிவிடுவாள், என்றார். பின்னால் நின்ற பெற்றோர் சிலர் கை தட்டினார்கள்.

அதிகாரி கை தட்டவில்லை. வரைபின் நாலு மூலையிலும் குத்தியிருந்த ஊசிகளைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றினார். தாளை இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார், சட்டைப் பையில் வைத்தார். "இவளுடைய தகப்பன் என்ன வேலை?" என்று கேட்டார். அதிபர் அதையும் சொன்னார். "நாளைக் காலையில் இருவரையும் கூட்டிக்கொண்டு என் அலுவலகத்துக்கு வாருங்கள்," என்று என்னிடம் சொல்லிவிட்டு, தேத்தண்ணி குடிக்காமலே போய்விட்டார்.

அவருடைய ஜீப் வாசல் படலையைத் தாண்டியபிறகுதான் அதிபருக்கு உறைத்தது. கண்ணாடியைக் கழற்றினார். துடைக்க மறந்து கையிலேயே வைத்திருந்தார். "மாஸ்டர், நான் இப்ப என்ன சொன்னனான்?" என்றார். நான் ஜெமீலாவைத் தேடினேன். அவள் வெறுமையாகக் கிடந்த பலகையடியில் நின்று, நிலத்தில் விழுந்த ஊசிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

பின்னேரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சைக்கிளை மிதிக்காமல் உருட்டிக்கொண்டே போனேன். மஜீத் அப்போதுதான் வந்து சோற்றில் கை வைத்திருந்தார். நான் விடயத்தைச் சொன்னேன். அவர் கை அப்படியே நின்றது. அவர் மனைவி உள்ளே போய், மகள் எண்ணி எண்ணிக் குறித்து வைத்த துண்டுத் தாள்களைத் திரட்டிக்கொண்டு வந்து அடுப்பில் போட்டார்.

"நான் எஞ்சினைத் தவிர ஒண்டையும் பாக்கிறதில்ல மாஸ்டர்," என்றார் மஜீத். "அங்க தலையைத் தூக்கினாலே ஏன் பாக்கிறாய் எண்டு கேப்பாங்க. பதினாலு வருசமா நான் தலையைக் குனிஞ்சு வேலை செய்யிறன். இப்ப நான்தான் நேரம் சொல்லிக் குடுத்தனான் எண்டு வந்து நிக்கும்."

"நான் வந்து சொல்லுறன். பாடம் எண்டு விளங்கப்படுத்துறன்."

"விளங்கிச்செண்டாத்தான் சேர் பயம்," என்றார்.

மகளை அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஜெமீலா குசினிக் கதவில் சாய்ந்து நின்றாள். நான் எழுந்தபோது படலைவரை வந்து, "சேர், நான் எங்க பிழை விட்டனான்?" என்று கேட்டாள்.

"வரைபில பிழை இல்லை, பிள்ளை."

"அப்ப?"

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றிரவு நான் கண் மூடவில்லை. மஜீத்தை உள்ளே வைத்துவிடுவார்களோ, என்னை எங்கே அனுப்புவார்களோ, அந்தப் பிள்ளையை என்ன கேட்பார்களோ என்று மனம் அடித்துக்கொண்டே இருந்தது.

அதிகாரியின் அறையில் ஒரு பெரிய மேசை, அதன் மேல் விரித்த வரைபு. வரைபின் பக்கத்தில் மஜீத்தின் பாஸ். வாசலிலேயே அதை வாங்கிவிட்டார்கள். மூலையில் ஓர் எழுதுவினைஞர் தட்டச்சுக்கு முன்னால் இருந்தார். நெற்றியில் திருநீறு. தமிழர். நான் எதையாவது மாற்றி மொழிபெயர்த்தால் அவருக்குத் தெரிந்துவிடும். எங்கள் மூவருக்கும் கதிரை இருந்தும் மஜீத் உட்காரவில்லை.

"நேரத்தை இவளுக்கு யார் சொன்னது?" என்று அதிகாரி கேட்டார். கேட்கும்போதும் குரல் உயரவில்லை. காது கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது, அதனால் இன்னும் பயமாக இருந்தது.

"ஒருத்தரும் சொல்லல்ல சேர்," என்றார் மஜீத். "என்ட வயித்துக்கு ஆறின சோறு ஏலாது. இவளும் இவட உம்மாவும் குசினிக் கதவால பாத்து உலை வைக்கிறது. வேற ஒண்டும் இல்ல சேர்."

அதை அப்படியே மொழிபெயர்த்தேன். அதிகாரி புருவத்தைச் சுருக்கி, "சோறா?" என்றார். "சோறுதான்," என்றேன். அவர் வரைபைத் திரும்பவும் பார்த்தார். சிரிப்பாரோ என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

நான் கொண்டுபோன வழிகாட்டி நூலை விரித்து, எண்ணல், அட்டவணை, அச்சு எல்லாம் காட்டினேன். ஒரு பாடசாலைப் பரிசோதகருக்குக்கூட நான் அவ்வளவு ஒழுங்காகப் படிப்பித்துக் காட்டியதில்லை. பொறுமையாகக் கேட்டார். நடுவில் அளவிடை பற்றி ஒரு கேள்வி கேட்டார், நல்ல கேள்வி. கணக்குத் தெரிந்த மனிதர்.

"மாஸ்டர், இந்தப் பாடத்தால் என்ன பயன்?" என்று கடைசியில் கேட்டார்.

அந்த வருடம் முழுவதும் அந்தக் கேள்விக்குத்தான் நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். கண்டதை எண்ணினால் காணாததைச் சொல்லலாம், வாழ்க்கைக்கு உதவும் கணக்கு இதுதான் என்று தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன். இப்போது அதில் ஒரு சொல்லைச் சொன்னாலும் மேசையில் கிடக்கும் பாஸ் திரும்பி வராது.

"ஒரு பயனும் இல்லை சேர்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "சோதனைக்காகப் படிப்பிக்கிறோம். எழுதிவிட்டு மறந்துவிடுவார்கள். இதைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது."

"நோ யூஸ்" என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்காத ஆங்கிலமா? ஜெமீலா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

அதிகாரி கதிரையில் சாய்ந்தார். "அப்படியானால் அவளிடம் கேளுங்கள். இன்றைக்கு அந்தப் படகு எத்தனை மணிக்குப் போகும்?"

தட்டச்சுச் சத்தம் நின்றது. எழுதுவினைஞர் தலையைத் தூக்கினார். "பிள்ளை, இண்டைக்கு அந்தப் படகு எத்தனை மணிக்குப் போகும் எண்டு கேக்கிறார்," என்றேன். கண்ணால் ஒரு சாடை காட்டவும் துணிவு வரவில்லை.

அவளுக்குத் தெரியும். தாளைப் பார்க்கத் தேவையில்லாமலே தெரியும். அவள் பாஸைப் பார்த்தாள். வாப்பாவின் கையைப் பார்த்தாள், எஞ்சின் எண்ணெய் நகக்கண்ணில் கறுத்துக் கிடந்தது. பிறகு நேரே அதிகாரியின் முகத்தைப் பார்த்தாள்.

"தெரியாது சேர்."

"தெரியாதாம்," என்று மொழிபெயர்த்தேன்.

"நேற்றுத் தெரிந்ததே?"

"பாடமாக்கிச் சொன்னது சேர். பிள்ளைகள் அப்படித்தான்," என்று நானே சொன்னேன்.

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நம்பவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது அவருக்கும் தெரிந்தது. கடைசியில் ஒற்றை விரலால் பாஸை மஜீத்தின் பக்கம் தள்ளினார். மஜீத் இரண்டு கையாலும் அதை எடுத்தார். ஊசி குத்தக் கை சரிவராமல், மகள்தான் குத்திவிட்டாள்.

"வரைபு இங்கே இருக்கட்டும்," என்றார் அதிகாரி. வாசலில் என்னை மட்டும் நிறுத்தி, "மாஸ்டர், நீங்கள் நன்றாகப் படிப்பிக்கிறீர்கள். இனி வேறு எதையாவது எண்ணச் சொல்லுங்கள்," என்றார்.

அதற்குப் பிறகு அதிபர் சம்பவத் திரட்டில் ஒரு பக்கம் எழுதினார். தரவு சேகரிப்பு இனிமேல் பாடசாலை மதிலுக்குள்ளே மட்டும். எண்ணத் தகுந்தவை காகம், மழை நாட்கள், மாணவர்கள் காலில் போடும் சப்பாத்தின் அளவு. சப்பாத்து அளவை அவரேதான் யோசித்துச் சேர்த்தார். அதில் ஆருக்கும் ஆபத்தில்லை என்று மிகவும் திருப்திப்பட்டார்.

ஜெமீலா வகுப்புக்கு வந்தாள். எழுத்து வேலையில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் வாயால் கேட்டால் மட்டும், "தெரியாது சேர்." ஏழும் எட்டும் எத்தனை என்றாலும் தெரியாது. மற்றப் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். நான் அடுத்த பிள்ளையைக் கேட்பேன். அந்தச் சொல்லை அவளுக்குப் படிப்பித்தவன் நான்தான். பயமும் போகவில்லை. ஜீப் சத்தம் கேட்டால் கையில் இருந்த வெண்கட்டி தானாகவே விழும்.

சில கிழமை கழித்து, சப்பாத்து வரைபைச் செய்து முடித்த நாள். மணி அடித்து எல்லோரும் ஓடிவிட்டார்கள். ஜெமீலா கடைசியாகத் தாளைக் கொண்டுவந்தாள். மேசையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"சேர், அவங்க படகுட நேரத்த மாத்திட்டாங்க."

நான் வாசலைப் பார்த்தேன். யாரும் இல்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்தலாமா என்று யோசித்தேன், சாத்தினால் இன்னும் சந்தேகம் வரும் என்று இருந்துவிட்டேன். எங்கள் பாடத்தால் பயனில்லை என்று நான் சொன்னதை அந்த மனிதர் ஒரு நிமிடமும் நம்பவில்லை. நம்பியிருந்தால் ஏன் மாற்ற வேண்டும்?

"உம்மாவுக்கு உலை வைக்கிற நேரம் பிழைச்சுப்போச்சு. வாப்பாக்கு ரெண்டு நாள் வயித்துக் குத்து," என்றாள். பிறகு கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினாள். "முந்தி மாதிரி நேர்கோடு வராது சேர். ஒரு நாள் வெள்ளன, ஒரு நாள் பிந்தி, கண்டபாட்டுக்குப் போற மாதிரித்தான் இருக்கு. ஆனா அப்பிடி இல்ல. நான் ஒண்டும் எழுதல்ல, மனசிலதான் வச்சிருக்கிறன். அதிலயும் ஒரு ஒழுங்கு இருக்கு சேர். சொல்லட்டா?"

அத்தனை கிழமைக்குப் பிறகு அவள் முகத்தில் அந்த மின்னல் திரும்பியிருந்தது. ஒரு பிள்ளை வந்து அப்படிக் கேட்க வேண்டும் என்றுதான் கணக்கு வாத்தியான் காலம் முழுக்கத் தொண்டை கிழியக் கத்துகிறான். எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை இருந்தது, உண்மையாகவே இருந்தது. வெளியே தெருவில் ஏதோ ஒரு வாகனம் வேகம் குறைத்தது.

"வேண்டாம் பிள்ளை," என்றேன்.

அவள் தலையாட்டினாள். தாளை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அச்சுகள் நேராக இருந்தன, அளவிடை சரி, தலைப்பு முத்து முத்தான எழுத்தில்: "எமது வகுப்பு மாணவரின் சப்பாத்து அளவு". எண்ணிக்கையைக் காட்டும் சலாகைகளில் ஆக உயரமானது "சப்பாத்து இல்லை" என்பது. பிழை ஒன்றும் இல்லை. நான் சிவப்பு மையால் சரி போட்டேன்.